ஷபானாகிட்ட யாரும் கேக்கல

பேனாவ நீங்களே வெச்சுக்கங்க ப்ரீதி மேடம். இந்த லெட்டர்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன். புரியலையான்னு கேக்கறீங்களா? மராத்தி நல்லாவே படிப்பேன். ஏழாங்கிளாஸோட நின்னவதான், ஆனா பொறந்தது இந்தப் புனேவுலதானே. ஷபானாவ வேலைய விட்டு எடுக்க ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரும் ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?

உக்கார்றேன், உக்கார்றேன். பீபி வேற எனக்கு.

மூணாவது மாடியில ஒருத்தரோட இயர்பட்ஸ் காணோம். அங்க பெருக்குனது ஷபானா. சரி. அதுக்காக எல்லாரும் லஞ்சுக்குப் போற நேரத்துல, மெயின் கேட் வாசல்ல நிக்கவெச்சு அவ பையக் கொட்டணுமா? சாப்பாட்டு டப்பாவத் தொறந்து சப்பாத்தியப் பிரிச்சுப் பாத்தானுங்க மேடம், உங்க செக்யூரிட்டிங்க. சப்பாத்திக்குள்ளயா வெப்பா?

அவ எடுக்கலன்னு நான் சொல்லவே இல்லையே. எடுத்திருக்கலாம், எடுக்காமயும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தேடுனீங்க, திட்டுனீங்க, லெட்டர் அடிச்சீங்க. ஒருத்தராவது உக்காரவெச்சுக் கேட்டீங்களா?

எப்படிக் கேக்கறதா? உங்க எம்பிஏல சொல்லித் தரலியா? கோச்சுக்காதீங்க. பேன்ட்ரி கதவச் சாத்திட்டு, ரெண்டு டீ போட்டு, பக்கத்துல உக்காரணும். எதிர்ல உக்காந்தா நம்ம மூஞ்சியப் பாத்துப் பயந்துருவாங்க. ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு வாய மூடிக்கணும், அதான் எனக்கே கஷ்டம். போன வருஷம் சார்ஜர் காணாமப் போச்சே, எடுத்தவன் டீ ஆறதுக்குள்ள சொல்லிட்டான். யாரா? சொல்லமாட்டேன். இன்னிக்கு இந்தக் கட்டடத்துல அவன மாதிரி வேலைக்காரன் கெடையாது. உங்க ரூமையும் அவன்தான் தொடைக்கறான். மூஞ்ச அப்படி வெச்சுக்காதீங்க.

ஏரவாடாவுல சந்து சந்தாப் போய், வீட்டப் பாத்து, ஆளு எடுக்கறவ நான். யாரு வீட்டுல அடி விழுது, யாரு புள்ளைக்கு ஜுரம், எல்லாம் தெரியும். உங்கள மேடம்னு கூப்புடறாங்க, என்ன மாவ்ஷின்னு கூப்புடறாங்க. மாவ்ஷின்னா பெத்தவளுக்குக் கூடப் பொறந்தவ. அந்த மொறையில சொல்றேன்.

இப்ப ஷபானா வாயத் தொறக்கமாட்டேங்கறாளா? தொறக்கமாட்டா. எங்கம்மாவும் தொறக்கல.

ஆமா, எங்கம்மாதான். கோர்படியில ஆபீசருங்க வீட்ல பாத்திரம் தேய்ச்சாங்க. ஸ்கூல் விட்டா நானும் போவேன். ஒரு நாள் அந்த வீட்டுப் பையனோட ஜாமெட்ரி பாக்ஸக் காணோம். ஃபாரின்லேர்ந்து வந்தது. ஒரு கேள்வி இல்ல, நாளைக்கு வராதேன்னுட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள அந்த வரிசையில மத்த நாலு வீட்லயும் வராதேன்னுட்டாங்க. அம்மா செங்கல் தூக்கப் போனாங்க. ரெண்டு மாசத்துல நானும் பள்ளிக்கூடத்த விட்டுட்டு அவங்க பின்னாடியே போனேன்.

அம்மாகிட்ட கேட்டிருந்தா சரியாப் போயிருக்குமா? இல்ல மேடம், அவங்களுக்கு என்ன தெரியும்? பின்வாசல்ல நின்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என் பாவாட மடிப்புலதான் இருந்துச்சு.

ஒருத்தரும் கேக்கல. சாகற வரைக்கும் அம்மாவும் கேக்கல.

ஷபானா கீழதான் உக்காந்திருக்கா. நீங்களும் வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?