முன்னாடி போனவரைத் தொலைச்ச பையன்

சாயங்காலம் ஆறரை இருக்கும். ஆளில்லாத ரோடு மாதிரி வானம், ஒரு துளி மேகம் கூட இல்ல... ஃபோனை அணைங்கப்பா முதல்ல. மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா எனக்குக் கதை வராது.

பைலட்டா இருக்கற நம்ம மச்சானுக்கு சீனியர் ஒருத்தர். பார்சல் கேப்டன்னு கூப்பிடுவாங்க. சின்ன விமானத்துல பார்சல் ஏத்திட்டுப் போவாரு, தனி ஆளா. அன்னைக்கு நாலாவது நடை. கண்ணு எரியுது, இடுப்பு விட்டுப் போச்சு. வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்ச்சா போதும்னு இருக்கு மனுஷனுக்கு.

வழியில மிலிட்டரிக்காரங்க புதுப் பசங்களுக்குப் போர் விமானம் ஓட்டக் கத்துக்குடுக்கற இடம் வரும். பகல்ல அதைச் சுத்தித்தான் போகணும். பயிற்சி முடிஞ்சதுக்கு அப்புறம் குறுக்கே விடுவாங்க. அப்பவும் ஒரு பேச்சு உண்டு: அவங்க ஜோடியாத்தான் பறப்பாங்க, ஒண்ணைப் பாத்தா ரெண்டாவது எங்கன்னு தேடு. தேடாம திரும்பினா மோதிக்கிட்டு ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

பாதி வழி வந்திருப்பாரு. இடது பக்கம்... சர்ர்ர்ருன்னு ஒண்ணு போச்சு. இவர் விமானம் தூக்கிப் போட்டுச்சு. அது விட்ட புகையோட மண்ணெண்ணெய் நாத்தம் வேற. தூக்கம் பறந்துடுச்சு. கழுத்து வலிக்க வலிக்க ரெண்டாவதைத் தேடறாரு... மேல இல்ல, கீழ இல்ல.

ரேடியோல கன்ட்ரோலைக் கேட்டா, "சார், அவங்கள்லாம் மதியமே இறங்கியாச்சு. அங்க நீங்க ஒருத்தர்தான்"ங்கறான்.

அப்புறம்தான் ரேடியோல அந்த மூச்சு. மாஸ்க்குக்குள்ள விடற மூச்சு... ஹ்ஹ்... ஹ்ஹ்... சின்னப் பையன் குரல், அழுது ஓஞ்ச மாதிரி.

"சார்... நான்தான் ரெண்டாவது. முன்னாடி போனவரைத் தொலைச்சுட்டேன். ரொம்ப நேரமா சுத்தறேன். உங்க பின்னாடி வரட்டுமா?"

யோசிச்சிருக்கணும். ஆனா அசதி பாருங்க... அந்த நேரத்துல யாருக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வராது. "வாடா தம்பி, என் பின்னாடியே வா. வீட்டுக்குப் போயிடலாம்"னுட்டாரு.

என்னடா சிரிப்பு? இரு, உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்.

வீட்டுக் கதவைத் திறந்த அவர் சம்சாரம், இவர் தோளைத் தாண்டிப் பாத்து, "தம்பி யாரு? உள்ள வாப்பா"ன்னாங்களாம். திரும்பிப் பாத்தா வாசல்ல யாருமில்ல. மண்ணெண்ணெய் நாத்தம் மட்டும்.

அதுலேருந்து தூக்கம் போச்சு. குளிக்கும்போது, சாப்பிடும்போது, லிஃப்ட்ல நிக்கும்போது... பிடரிக்குப் பின்னாடி ஹ்ஹ்... ஹ்ஹ்... "இப்படியே பறந்தீங்கன்னா ஒரு நாள் திரும்பி வரமாட்டீங்க"ன்னு அந்தம்மா அழுதாங்க. அவருக்கும் அந்தப் பயம்தான்.

மிலிட்டரியில இருந்துட்டு இப்ப பயணிகள் விமானம் ஓட்டற ஒருத்தர்கிட்ட கேன்டீன்ல எல்லாத்தையும் கொட்டினாரு. அவர் சிரிக்கலை.

"வான்னு சொன்னீங்க, சரி. போன்னு சொன்னீங்களா?"

"இல்லையே."

"முன்னாடி போறவன் வாயைத் திறந்து 'நீ போகலாம்'னு சொல்ற வரைக்கும் ரெண்டாவது பிரிஞ்சு போக மாட்டான். அப்படித்தான் பழக்கியிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடுவான்."

அடச்சே, இவ்வளவுதானான்னு இருந்துச்சாம் இவருக்கு. அன்னைக்கு வீட்டு வாசல்ல நின்னாரு. சம்சாரம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. காலி படிக்கட்டைப் பாத்து மெதுவா சொன்னாரு, "தம்பி... நீ போகலாம்ப்பா."

மூச்சு சத்தம் நின்னுச்சு.

எத்தனை நாளைக்கு அப்புறம் அப்படி ஒரு நிம்மதி! கண்ணுல தண்ணி வந்துடுச்சு மனுஷனுக்கு. செருப்பைக் கழட்டக் குனியறாரு... காதுக்குப் பக்கத்துல, அவரை விட அசந்து போன குரல்.

"எங்க சார் போறது?"

அவர் நிமிர்ந்தாரு. சுவரோரமா ஒதுங்கி வழி விட்டாரு. ரெண்டு பேரும் உள்ள வர்ற வரைக்கும் அந்தம்மா காத்திருந்து, கதவைச் சாத்தினாங்க.