புதுச்சத்திரம் தாண்டி

சனிக்கிழமை விடிகாலை மூன்றேகால் மணி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோடு. செம்மங்குப்பம் தாண்டினால் கெமிக்கல் நெடி விட்டுப்போகும். அப்புறம் சவுக்குத் தோப்பும் இருட்டும்தான்...

கதிரவன் என் நண்பன் பாண்டியனின் மச்சான். தனியார் ஆம்புலன்ஸ் டிரைவர். நடந்தது 2007இல். ஆம்புலன்ஸ் என்றால் சைரன், ஸ்ட்ரெச்சர், நிரம்பிய ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் இருக்க வேண்டும். சட்டம் அப்படி. ஓனர் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டுகிற அன்றைக்கு மட்டும் நிரம்பிய சிலிண்டரை இரவல் வாங்கி மாட்டுவார். மறுநாள் பழையபடி காலி சிலிண்டர்.

அன்றைக்கு ஏற்றியது வீசிங் வந்த ஒரு பெண்ணை. இருபத்தாறு வயது. புருஷன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, காத்து வருதாண்ணே?"

"வரும், புடிச்சிக்கிங்க."

வராது என்று கதிரவனுக்குத் தெரியும். புதுச்சத்திரத்தில் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தான். சைரனை அணைத்தான். பிணத்துக்குச் சைரன் கிடையாது. சத்தம் நின்ற பிறகுதான் புருஷனுக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை. அதே நேரம். ஆள் இல்லாத வண்டி. பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம்... ஈரத்துணியை மெல்லக் கிழிப்பது போல. புதுச்சத்திரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தான். மாஸ்க்கின் உள்பக்கம் பனித்திருந்தது.

"கரண்டு வேற இல்ல. இப்பதான் இதெல்லாம் சொல்லணுமா மாமா?" பக்கத்து அறைத் தங்கராசு என்னைப் பார்த்துச் சிரித்தான். லாட்ஜ் மொட்டைமாடியில் நாங்கள் நான்கு பேர். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கதிரவன் பயந்துபோய்ப் புருஷனைத் தேடி வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதான். புருஷன் திட்டவில்லை. ஒரு சிலிண்டரை நிரப்பித் தோளில் தூக்கி வந்து வண்டியில் மாட்டினான். அந்தச் சனிக்கிழமை பின்னால் அவனே உட்கார்ந்தான். வால்வைத் திறக்கவில்லை.

புதுச்சத்திரம் வந்தது... போனது. மூச்சு நிற்கவில்லை. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கேட்டது. கேட்டுக்குள் நுழைந்ததும் அடங்கியது. சிலிண்டர் முள் பூஜ்யத்தில் நின்றது.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் புருஷன் சிலிண்டரோடு போனான். ஒரு வாரம் மட்டும் காய்ச்சலில் அவனால் போக முடியவில்லை. அன்றைக்கு மூச்சு புதுச்சத்திரத்திலேயே நின்றுவிட்டதாம்.

"அந்தாளு இன்னும் போறாரா மாமா?" என்றான் தங்கராசு.

"இன்னிக்கி என்ன கெழம?"

"வெள்ளி. ஏன்?"

"மூணு மணிக்கு கதிரவன் வண்டி வரும். சிலிண்டர ரொப்பிதான் வச்சிருக்கேன், என் கட்டிலுக்கு அடியில கெடக்கு. கீழ எறக்க ஒரு கை புடிக்கிறியா?"