துப்பாக்கி சின்னதுதான்

"துப்பாக்கி ரொம்பச் சின்னதாம்டா, அதனால பயப்படாதப்பான்னு சொல்றான்" என்றார் முன்சீட்டுக்காரர். அடையாறிலிருந்து தி. நகர் போகும் பேருந்தின் இரைச்சலில், என் காதுகள் மட்டும் எழுந்து நின்றன.

அவர் மகனுக்கு அமெரிக்காவில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண்ணின் அப்பா நாளைக்கு அவனைப் பறவை வேட்டைக்குக் கூட்டிப்போகிறாராம்.

"இங்க மாப்பிள்ளைக்கு மோதிரம், அங்க தோட்டாவா?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"சிரிக்காத. குழாயே என் சுண்டுவிரல் தடிமன்தானாம். பீச்சுல பலூன் சுடுவோமே, அது மாதிரின்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

"உள்ள என்ன குண்டு?"

"ஈயம் இல்லையாம். டங்ஸ்டனாம்."

நண்பரின் குரல் இறங்கியது. "இருபது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்குடுத்தவன் சொல்றேன். ஈயத்தைவிட ரொம்பக் கனம்டா அது. கடுகு சைஸ்ல இருந்தாலும் ஆழமா இறங்கும். குழாய் சின்னதா இருந்தா என்ன, பெரிய துப்பாக்கி அடிக்கிற தூரம் இதுவும் அடிக்கும்."

நந்தனம் சிக்னலில் வண்டி நின்றது. முன்சீட்டுக்காரர் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"வேணாம்னு சொல்லிடேன்."

"சம்பந்தி ஆசையா முதல் தடவை கூப்பிட்டிருக்காரு. எப்படிடா சொல்றது?"

"அப்ப விடு. உன் பையன் நிதானமானவன், பார்த்துத்தான் சுடுவான்."

"அவன் எங்கடா சுடறான்? சுடறது சம்பந்தி. இவன் முன்னாடி நடந்துபோய், புதரைத் தட்டிப் பறவையைக் கிளப்பிவிடணுமாம்."