ஏழு அடித் தண்ணீர்

எனக்கு நீச்சல் தெரியாது. பதினாறு வருஷமாக வாட்டர் பார்க்குகளுக்கு டிசைன் போடுகிறவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் கூடவே சிரித்துவிடுவேன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால் யாரும் மிதக்கலாம். இதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் வக்கீல் சார். உங்கள் டைப்பிஸ்ட் கன்னியம்மா நல்ல வேகம். சில இடங்களில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அடித்து முடித்துவிடுகிறார்.

பெயர் குமரேசன், வயது நாற்பத்திரண்டு, வீடு சிட்லபாக்கத்தில். தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்கிற ஏறுசுவர், உருளுகிற கட்டை, ஆடுகிற கயிற்றுப் பாலம், இதெல்லாம்தான் என் தொழில். ஜனங்கள் இவற்றில் ஏறி ஜெயிக்க வருவதாக நீங்கள் நினைக்கலாம். விழுவதற்குத்தான் வருகிறார்கள். விழுகிறவன் சிரிக்கிறான், கரையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குடும்பம் அவனைவிட அதிகமாகச் சிரிக்கிறது. அதனால் சுவரின் கடைசிப் பிடியை நான் எப்போதும் சுழலும்படி வைப்பேன். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் அதில் கை வைத்தால் வழுக்கி விழுந்தாக வேண்டும். அப்படி விழ வைக்கிறவன் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பதின்மூன்று அடிச் சுவர் என்றால் பதினோரு அடித் தண்ணீர் என்பது நாங்கள் வைத்திருக்கிற அளவு.

முடிச்சூரில் அரிகிருஷ்ணன் அண்ணன் தன் நிலத்தில் பார்க் கட்டினார். முன்பு நெல் விளைந்த நிலம், இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் படகு போன இடம். நான் வரைபடத்தை விரித்த முதல் நாளே அவர் குளத்தின் ஆழத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க நெலம்பா. ஏழடிக்குக் கீழ போனியானா ஊத்து பிச்சிகினு வரும். எங்கப்பா கிணறு வெட்டும்போதே பார்த்துகீறேன்."

"மோட்டார் வெச்சு இறைச்சுடலாம்ணே," என்றேன்.

மூன்று மோட்டார் பதினோரு நாள் ஓடியது. இறைக்க இறைக்க ஊறியது, இரண்டு பக்கமும் மண் சரிந்தது. கடைசியில் ஏழு அடியிலேயே தளம் போட்டோம். "ஏழு போதுமாபா?" என்று அவர் கேட்டார். "தாராளமா போதும்ணே," என்றேன். பாவம், படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதைத் தனியாக ஒரு பத்தியாகவே போடுங்கள்.

பதின்மூன்று அடிக்குச் செய்து வைத்திருந்த சுவரை, ஏழு அடித் தண்ணீருக்கு ஏற்ப எட்டு அடியாக வெட்டியிருக்க வேண்டும். பலகைகளைக் கழற்றி அறுத்து மாட்டுவது இரண்டு நாள் வேலை. ஏன் செய்யவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அதுவரை வேறொருவர் கம்பெனியில் அவர் பெயருக்கு வரைந்துகொண்டிருந்தேன். இதுதான் என் பெயரில் எழும்பிய முதல் சுவர். பதின்மூன்று அடி இருந்தால் அவுட்டர் ரிங் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து மூன்று விநாடி தெரியும். எட்டு அடி என்றால் காம்பவுண்டுக்குள் அடங்கிப்போகும். அவ்வளவுதான் சார் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்வதற்கு இவ்வளவு வெட்கமாக இருக்காது.

அடியில் கருநீல டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். கருநீலத்தில் தரை கண்ணுக்குத் தெரியாது. கரையில் '11 அடி' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். திறப்பதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஃபிட்டர்கள் விடாப்பிடியாக வைத்திருக்கிற ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு, வரைந்தவன்தான் முதலில் ஏற வேண்டும். எல்லோரும் பார்க்க அவன்தான் முதலில் விழ வேண்டும். அவன் எழுந்து வந்து தலையைத் துவட்டின பிறகுதான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். வரைந்தவன் விழாத எதிலும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். நான் இருபத்தி மூன்று முறை அப்படி விழுந்திருக்கிறேன். இந்த முறை தோள்பட்டையில் சுளுக்கு.

போன வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை பதினோரு மணிக்கு. ஒன்பதரைக்கு அரிகிருஷ்ணன் அண்ணன் பூசாரியைக் கூட்டிவரப் போயிருந்தார், ஃபிட்டர்கள் பம்ப் அறையில் இருந்தார்கள். சுவரடியில் நானும் பென்னியும் மட்டும். பென்னி பலகை மாட்டுகிறவன், பல்லாவரத்துப் பையன், என்னிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். குளம் நிரம்பிய பிறகுதான் இந்த சைட்டுக்கு வந்தான், குழி தோண்டியதை அவன் பார்க்கவில்லை. என் தோளில் கட்டியிருந்த கிரேப் பேண்டேஜைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"இன்னாண்ணா, கையத் தூக்க முடியலியா? நீ கீழ நின்னுகினு பாரு. நான் ஒருவாட்டி ஏறிப் பார்த்துடறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூனை மாதிரி ஏறினான். ஃபிட்டர்கள் விழுந்தால் முழங்காலை மடக்கி, காலை முன்னால் விட்டு, உட்காருகிற மாதிரி விழுவார்கள். கடைசிப் பிடிக்குப் போனதும் அவனும் அதற்குத் தயாரானான்.

"அப்படி விழாதடா," என்றேன். "வர்ற ஜனங்க அப்படியா விழப் போறாங்க? கையை விட்டுட்டு, தலை பின்னால போற மாதிரி விழு."

மேலேயிருந்து குனிந்து பார்த்தான். "தண்ணி ஆழம் கீதாண்ணா?"

"பதினோரு அடிடா."

விழுந்தான். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் மேலே வரவில்லை, எனக்கு நீச்சல் தெரியாது. நான் கத்திய கத்தலில் ஃபிட்டர்கள் ஓடிவந்து குதித்துத் தூக்கினார்கள். என்ன ஆச்சு என்று ஒருவன் கேட்டான். "டைவ் அடிச்சுட்டான், வேணாம் வேணாம்னு கத்தினேன்," என்றது என் வாய். யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆனது. ஒரு பக்கம் அவன் தலை அசையாமல் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையோரம் நடந்துபோய் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. மார்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் நன்றாக நினைவு வந்து பேசினான். அன்று காலை பஸ் ஏறியது வரைதான் ஞாபகம் இருந்தது. "இன்னா ஆச்சுண்ணா எனக்கு?" என்று கேட்டான். அவன் மனைவி ஷீலா பக்கத்தில் நின்றிருந்தாள். அப்போது எனக்கு யோசிக்க நேரம் இருந்தது சார். யோசித்துத்தான் சொன்னேன். விளையாட்டாக டைவ் அடித்தான், நான் தடுத்தேன், கேட்கவில்லை என்று. போலீஸிலும் அப்படியே எழுதினார்கள். அவனுடைய அஜாக்கிரதை என்று கேஸ் முடிந்தது.

அதன் பிறகு சுவரை எட்டு அடியாக வெட்டினேன். இன்றுவரை அதில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஞாயிறுதோறும் பென்னியைப் பார்க்கப் போகிறேன். இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அவனைத் திருப்பிப் படுக்க வைக்க, முதுகில் பவுடர் போட, முகச்சவரம் செய்துவிட நான் கற்றுக்கொண்டேன். சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று தெருவே சொல்கிறது. ஷீலா தோல் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் எனக்கு டீ கொடுத்துவிட்டு, அவன் காதில் விழாமல் சொன்னாள்: "ஆறு மாசமா அவரு கூட நான் மனசு விட்டுப் பேசலண்ணா. சோறு ஊட்டறேன், எல்லாம் பண்றேன். ஆனா இவரு பண்ண கொழுப்புக்கு நானும் கொழந்தையும் கஷ்டப்படணுமான்னு வந்துடுது. உங்க பேச்சக் கேட்டிருந்தாருன்னா இப்டி ஆயிருக்குமா?" நான் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

பென்னி போகிற சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள். ஜனவரியில் ஒரு நாள் அவனைச் சக்கர நாற்காலியில் முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "பெருமையில விழுந்தவன் நான்," என்று ஆரம்பித்தான். "மேல நின்னுகினு சிரிச்சேன். அண்ணன் கீழேர்ந்து, வேணான்டா பென்னி, வேணான்டான்னு கைய ஆட்டிகினு கத்துனாரு. அந்தக் குரலு இன்னும் என் காதுல கேக்குது. இப்பகூடக் கேக்குது." நான் கையை ஆட்டியதாக ஒருபோதும் அவனிடம் சொன்னதில்லை. அவன் சிரித்ததாகவும் சொன்னதில்லை. நான் கொடுத்த பொய்க்கு அவனே கையும் காலும் வைத்து, அதை உண்மையாகவே நினைவில் வைத்திருக்கிறான். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னது. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். "பரவாயில்லடா," என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்தத் தோளில் அவனுக்கு உணர்ச்சி உண்டு. என் கை பட்டதை உணர்ந்திருப்பான், பாசம் என்று நினைத்திருப்பான்.

இனி மிச்சமிருக்கிற ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சுளுக்கு இல்லை. அந்த கிரேப் பேண்டேஜைப் பெருங்களத்தூர் மெடிக்கல் ஷாப்பில் முந்தின நாள் சாயங்காலமே வாங்கினேன். பதினோரு மணிக்கு ஊர் பார்க்க நான் விழ வேண்டும், ஏழு அடி போதுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக பென்னியை ஏற்றினேன். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்திருந்தால் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, பூஜை முடிந்ததும் தைரியமாக ஏறியிருப்பேன். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். அவன் காலை மடக்கி விழுந்தால் எனக்குச் சரியாகத் தெரியாது என்பதற்காகத்தான் தலை பின்னால் போகும்படி விழச் சொன்னேன்.

உண்மை முழுக்க இவ்வளவுதான். இதைப் படித்தால் ஷீலா அவனை நிமிர்ந்து பார்ப்பாள், அவனும் தன்னை மன்னித்துக்கொள்வான். இது இன்றைக்கே அவர்கள் கையில் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஒரே ஒரு சிரமம். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குப் பிறந்தநாள். ஷீலா வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன் என்றிருக்கிறாள், பென்னியும், நான் வந்து செய்துவிட்டால்தான் சவரம் என்று நாலு நாளாகத் தாடியோடு இருக்கிறான். நல்ல நாளில் அவர்கள் மனதை நான் எப்படிக் கெடுப்பது? கையெழுத்தைத் திங்கட்கிழமை வந்து போட்டுவிடுகிறேன் சார். அதுவரை, கையெழுத்தில்லாமல் கிடக்கிற என் பழைய இரண்டு வாக்குமூலங்களோடு இதையும் அலமாரியில் வைக்கச் சொல்லி கன்னியம்மாவிடம் சொல்லுங்கள்.