முப்பது தாளிலும் ஒரே கோடு

டெல்லி லோதி ரோடு பஸ்ஸில், தூசியும் வெயிலும் எல்லார் மேலும் சமமாய் விழுந்துகொண்டிருந்த மாலையில், முன் இருக்கையிலிருந்து தமிழ் எழுந்தது.

"முப்பது பேரும் ஒரே மாதிரி வரைஞ்சா அதுக்குப் பேர் காப்பியில்ல சார், ஒத்துமை."

சொன்னவர் கல்லூரி ஆசிரியை. பக்கத்தில், அதே கல்லூரியில் முதலாண்டு எஞ்சினியரிங் பிள்ளைகளுக்கு வரைபடம் நடத்தும் இளைஞர், மடியில் சுருட்டிய தாள்களோடு.

"கண்ணாடி மேல தாளை வச்சு, கீழ பல்பைப் போட்டு, ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் டிரேஸ் எடுக்கறான் மேடம். எல்லாருக்கும் முட்டை. சரளா மட்டும் வேற மாதிரி போட்டிருந்தா. அது தப்புன்னு அவளுக்கும் முட்டைதான்."

மேடம் சரளாவின் தாளையும் இன்னொன்றையும் விரித்தார்.

"மறைஞ்ச விளிம்புக்குத்தானே புள்ளிக்கோடு? உங்க பசங்க முன்னாடி தெரியற விளிம்புக்குப் போட்டிருக்காங்க. சரளாதான் சரி. போர்டுல வரைஞ்சது யாரு?"

பஸ் ஒரு சிக்னலில் நின்று, கிளம்பியது.

"நான்தான்."

"அச்சா! நல்ல வாத்தியார், நல்ல பிள்ளைங்க."

"சிரிக்காதீங்க மேடம். மத்தியானம் சரளா ஃபார்ம் கொண்டு வந்தா. வரைபடம் எனக்கு வராது சார், பி.எஸ்ஸி.க்கு மாறிக்கறேன்னா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஆபீஸ்ல குடுத்துட்டாளா?"

"காலையில குடுப்பா."

"அப்ப ஜல்தி இறங்குங்க. ஆறு மணிக்கு மேல சரளா இருக்கற லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல உங்களை நிக்கவே விடமாட்டாங்க."

"பையா, ரோக்கோ!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எழுந்த இளைஞர் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் வர்றீங்களா மேடம்?"

"வராம? ஒரு வாத்தியார் மன்னிப்பு கேக்கறதை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."