பெட்டிக்கு வைத்த குமிழ்

காலாப்பட்டு பஸ் முத்தியால்பேட்டை நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் மாதா கோயிலில் பாடுகிற பெண். பக்கத்தில் கணவர், மடியில் தானே செய்த மைக் பிரீஆம்ப், மைக் சத்தத்தைக் கூட்டி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி.

"உன் குரல் ஒடையலடி. இந்தப் பெட்டிதான் ஆம்ப்ளிஃபயருக்கு அளவுக்கு மேல தள்ளிடுச்சி. அதான் கரகரன்னுது."

"குரல் ஒடஞ்சிடுச்சின்னு ஃபாதர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்புனப்ப இது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அத்தினி பேர் எதிர்ல எப்படிச் சொல்றது? இப்பதான் அவுட்புட்ல சத்தத்தைக் கொறைக்க ஒரு குமிழ் வச்சிட்டனே. நீ தைரியமா பாடு."

பூசைக்கு நேரமாகிவிட்டது போல. அவள் எழுந்து எழுந்து சாலையைப் பார்த்தாள்.

"பெட்டிக்குக் கொறைக்கிற குமிழ் வச்சிட்டீங்க. ஒங்க வாய்க்குக் கூட்டுற குமிழ் எப்ப வைப்பீங்க?"