வாசலோடு திரும்பத் தெரிந்தவருக்கு

கால்வெரா ஆற்றங்கரை வளர்ப்புக் குடும்பத் துணை மன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி நோலீன் மக்ராத் அவர்களுக்கு, உருட்டுப்பந்து கிளப் கூடத்தில் உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

வந்த குழந்தையை வரவேற்காமல் வரவேற்கும் வித்தையை இவ்வூருக்கு விளங்கவைத்தவரே! தட்டாமல் திரும்பும் கையே! கேளாமல் காத்திருக்கும் காதே! கரும்பாலைச் சங்குக்கும் அடங்காத எங்கள் வாய்களை மூன்று நாள் மூடிவைத்த மூர்க்கமான அன்பே! வணக்கம்.

முறைப்படி இம்மடலில் தங்களைத் ‘தாங்கள்’ என்று விளிக்கிறோம். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது பழையபடி நோலீன்தான். நாங்கள் கரும்பு வெட்டியவர்களும் கொதிகலன் சுரண்டியவர்களும் பெற்ற பிள்ளைகள். புகழ்ச்சி எங்கள் நாக்குக்குப் பழகாத பண்டம். பொய் கலக்காமல் சொல்லப் பார்க்கிறோம்.

தொடக்கத்திலேயே ஒரு மன்னிப்பு. மடலை வாசிக்கும் ஷெரிலுக்கு எதிரே, கேக்குக்குப் பக்கத்தில், மன்றத்தின் கைபேசி இருக்கிறது. அது அடித்தால் வாசிப்பு நிற்கும். பதினோரு நாளுக்கு முன்பு டெலேனி சாலையில் லொரெய்ன், டினோ பெட்ரோனி தம்பதியர் வீட்டுக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். அவள் பெயரை இங்கே சொல்லச் சட்டம் இடம் தராது. அந்த வீட்டுக்கு அவள்தான் முதல் வளர்ப்புப் பிள்ளை. தாங்கள் பொறுப்பை ஒப்படைத்த பிறகு நாங்களாகக் கையில் எடுத்த முதல் வேலையும் அவள்தான். நேற்று லொரெய்ன் சொல்லிவிட்டார்: வெள்ளி மாலை ஐந்து மணிவரை பார்ப்பேன், அதற்குமேல் குழந்தைகள் நலத் துறைக்குப் போன் போட்டுவிடுவேன் என்று. துறை வந்தால் நானூறு கிலோமீட்டர் தள்ளி நகரத்து விடுதியில் ஓர் அறை. எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மாறும் காவலாள். இன்று வெள்ளி. எங்கள் கண்கள் தங்கள் முகத்தில் இல்லாமல் சுவர்க் கடிகாரத்தில் இருந்தால் பொறுத்தருள்க.

அன்பின் கூர்மையே! தங்களுக்கு முன்பு இவ்வூர் எப்படி இருந்தது என்பதை மறந்தவரில்லை. ஒரு வீட்டுக்குப் புதுப்பிள்ளை வருகிறது என்றால் பலூன் கட்டுவோம். முற்றத்தில் இறைச்சி சுடுவோம். முப்பது பேர் சுற்றி நின்று முதுகைத் தட்டுவோம். பிள்ளை கட்டிலுக்கடியில் ஒடுங்கும். கூச்சம் என்று சிரிப்போம். தாங்கள் அதை நிறுத்தினீர்கள். வாசலில் ஓர் ஐஸ் பெட்டி. மூன்று நாள் யாரும் உள்ளே வரக்கூடாது. சோற்றை வை, மூடியை மூடு, திரும்பிப் பாராமல் போ. ஆனால் வளர்ப்பவளுக்கு முதல் நாளே ஆள் வேண்டும் என்றீர்கள். பிள்ளையைப் பார்க்க அல்ல. பின்படியில் அவளோடு உட்கார்ந்து பீன்ஸ் ஆயவும், அவள் அழுதால் வேறுபக்கம் பார்க்கவும்.

கசாப்புக் கடை கிளைவ் ஒருமுறை மூன்றாம் நாளே ஆவல் தாங்காமல் தெருமுனையில் காரோடு நின்றதை இங்கே சொல்லியாக வேண்டும்.

“கார் நின்னுபோச்சு நோலீன். அதான்.”

“நின்னுபோன கார்ல உக்காந்துகிட்டு எதுக்குய்யா தல சீவுற? பொண்ணு பாக்கவா வந்த? வண்டிய எடு.”

கார் உடனே கிளம்பியது.

இனி, பாராட்டு மடல்களில் எழுதாத ஒன்றை எழுதுகிறோம். தங்கள் பிழையைப் பாராட்டுகிறோம்.

தாங்கள் மன்றத்தில் சேர்ந்த முதல் மாதம். ஹோல்கோம் வீட்டுக்கு ஐந்து வயதுப் பெண் ஒரு குப்பைப் பையில் தன் உடைமையோடு வந்தாள். அதற்குள் ஒரு தலையணை உறை. சிகரெட் புகையும் பொரித்த எண்ணெயுமாக நாறியது. தாங்கள் அதை எடுத்துச் சென்று, துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்து அவள் கட்டிலில் வைத்தீர்கள். அவள் ஒருமுறை முகர்ந்தாள். பிறகு வீடு முழுக்கத் தேடினாள். அலமாரியில் தேடினாள். துவைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுத் தேடினாள். ஒன்பதாம் நாள் ஹோல்கோம் தம்பதியர் கைவிரித்தார்கள். அவள் போய்விட்டாள், எங்கே என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

“அவ அம்மாவத் துவைச்சு ஊத்திட்டேன்.” ஒவ்வொரு பயிற்சிக் கூட்டத்திலும், புதிதாக வந்தவர்கள் தேநீர்க் கோப்பையோடு நெளிய, தாங்கள் இதைச் சொல்லித்தான் தொடங்கினீர்கள்.

எங்களில் ஒருவனான வேய்ன் ஒருமுறை கேட்டான்: “ஏன் நோலீன், ஒங்க மானத்த நீங்களே வாங்கிக்கிறீங்க?”

“நல்லது பண்றோம்னு நெனைக்கிறவன்தான்டா பயமில்லாம தப்பு பண்ணுவான். இவங்க பயப்படட்டும்.”

பயந்தோம். இப்போதும் பயப்படுகிறோம். டெலேனி சாலைச் சிறுமி ஒரு பெரிய ஆளின் கம்பளி மேலாடையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். முழங்கால் வரை தொங்குகிறது. பிப்ரவரி மழைக்காலப் புழுக்கத்திலும் கழற்றவில்லை. அதிலேயே தூங்குகிறாள். கம்பங்களின்மேல் நிற்கும் அவ்வீட்டின் அடியில், ஈரமண்ணில் உட்கார்ந்து, ஐஸ் பெட்டிச் சோற்றைத் தனியே தின்கிறாள். மாடிப்படி ஏறுவது படுக்க மட்டும். லொரெய்னிடம் பதினோரு நாளில் ஒரு வார்த்தையும் இல்லை. லொரெய்னின் தங்கை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, “தூங்கும்போது உருவி ஊறப்போடு, என்ன ஆயிரப்போகுது?” என்று கேட்டுவிட்டுப் போனாள். லொரெய்ன் போடவில்லை. தங்கள் கதை அந்தக் கையைப் பிடித்து வைத்தது.

ஆனால் நேற்று அவர் அழைத்தார். “நான் எதையும் தொடல ஷெரில். எதையும் கேக்கல. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். அவளுக்கு நான் வேண்டாம் போல. வேண்டாத எடத்துல பிள்ளைய வெச்சிருக்கறது பாவமில்லையா?” ஷெரில் மூன்று முறை தங்கள் எண்ணை அழுத்தி மூன்று முறையும் துண்டித்தாள். டினோ இன்று வீட்டில் இருக்கட்டும் என்று, ஆலையில் அவருடைய பழுதுபார்ப்பு ஷிப்டை வேய்ன் தன் அண்ணனுக்கு மாற்றிவிட்டான். இன்று காலை முதல் இரண்டு பேர் பின்படியில் பீன்ஸ் ஆய்கிறார்கள். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. போதுமா என்று தெரியவில்லை.

அம்மையே! அறுபத்தேழு வயதின் முழங்கால் வலி தீர்ந்து, ஆற்று முகத்துவாரத்தில் தூண்டிலோடு நின்று, மீனுக்கும் தங்களுக்குமான பழம்பகையைப் பல்லாண்டு தொடர்க! போன் அடிக்காத காலைகள் பெருகுக! நோயின்றி, நொடியின்றி, கிளைவின் கார் குறுக்கே நில்லாத நெடுவழியாய்த் தங்கள் நாட்கள் நீள்க!

இங்ஙனம்,
தங்களிடமிருந்து பயப்படக் கற்றுக்கொண்ட மன்றத்தார்.

*மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் ஷெரில் கைப்பட எழுதிச் சேர்த்தது:*

‘அம்மையே’ என்ற இடத்தில் போன் அடித்தது. மணி மூன்று நாற்பது. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். லொரெய்ன் கிசுகிசுத்தார்.

“படியேறி வந்துட்டா ஷெரில். பனியனோட நிக்கிறா. அந்தக் கம்பளிச் சட்டையக் கையில வெச்சுகிட்டு, ‘துவைச்சா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிருமா’ன்னு கேக்குறா. நேத்து நான் ஒங்ககிட்ட பேசினது கீழ கேட்டிருக்கும் போல. ஒம்பது நாளா மழை! ஆமான்னு சொல்லிட்டு டிரையர்ல போட்டுரவா?”

எல்லோரும் நோலீனைப் பார்த்தோம். விரலில் கேக் கிரீம். நான் நீட்டிய போனை அவர் வாங்கவில்லை.

“என்ன ஏன்டி பாக்குற? எனக்கு வேல முடிஞ்சிருச்சு.”

நானே சொன்னேன்: “கம்பளி, லொரெய்ன். டிரையர்ல போட்டா சுருங்கிரும். உள்ளதச் சொல்லிருங்க. வெயில் வராம காயாதுன்னு.”

லொரெய்ன் திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு அந்தத் தகரக் கூரையிலும் எங்கள் தகரக் கூரையிலும் மழை பெய்வது மட்டும் கேட்டது. கூடத்தில் யாரும் தட்டைக் கீழே வைக்கவில்லை.

அப்புறம், தூரத்தில், சின்னக் குரல்: “அப்ப வெயில் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

“கேட்டுச்சா?” என்றார் லொரெய்ன்.

“கேட்டுச்சு.”

ஐந்து மணி வந்தது, போனது. துறைக்கு யாரும் போன் செய்யவில்லை. கிளப் வானொலியில் அடுத்த வாரம் முழுக்க மழை, வெயிலே இல்லை என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.